பட்ட மரத்தில் ஒரு பொந்து

பறவைக் கூடுகளைத் தேடித் திரிகிறவர்களுக்கு மரங்கொத்தியைப்போல எளிதில் அகப்படும் பறவையும் இல்லை, அதைப்போல ஏமாற்றும் பறவையும் இல்லை. அது பொந்து தோண்டும் ஓசை அரைப் பர்லாங்குக்குக் கேட்கும்; அடிமரத்தைச் சுற்றிப் புதிதாய் உதிர்ந்து கிடக்கும் சிலாம்புகள், கூடு எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தைக்கும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பொந்து முடிந்து பறவை உள்ளே புகுந்துவிட்ட கணத்திலிருந்து, வெளியே நிற்பவனுக்கு மிஞ்சுவதெல்லாம் மூன்று அங்குல வட்டமுள்ள ஓர் இருட்டு மட்டுமே. அந்த இருட்டுக்குள் நடப்பது என்ன என்பதைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல தேசத்தவரும் எழுதியிருக்கிறார்கள். அவற்றை ஒருசேர வைத்துப் படித்தபோதும், நானே ஒரு தோப்பில் உட்கார்ந்து ஒரு ஜோடியைக் கவனித்தபோதும், என் மனத்தில் ஓர் அபிப்பிராயம் வலுத்தது. பறவையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட, பறவை தேர்ந்துகொண்ட மரத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களே இந்த விஷயத்தில் அதிகம் கண்டிருக்கிறார்கள் என்பதே அது.

மரங்கொத்திக் குடும்பத்தில் இருநூற்று முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆஸ்திரேலியா, நியூகினி, மடகாஸ்கர் ஆகிய நிலங்களிலும் துருவப் பிரதேசங்களிலும் அவை இல்லை. மரமுள்ள மற்ற நிலப்பரப்பெல்லாம் ஏறக்குறைய அவற்றின் ராஜ்யமே. நம் பக்கத்தில், குருவியளவே உள்ள பழுப்புச் சிறு மரங்கொத்தியிலிருந்து, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் காக்கையைவிடப் பெரியதாய்த் திரியும் வெண்வயிற்றுக் கரும் மரங்கொத்தி வரையில் பல வகைகள் இருந்தாலும், ஊருக்குள் வந்து நம்மோடு குடியிருப்பது பொன்முதுகு மரங்கொத்திதான். லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட இந்தப் பறவையின் தென்மேற்குப் பகுதி உள்ளினம் ஒன்றுக்கு, 1934இல் விஸ்லரும் கின்னியரும், சலீம் அலியின் மனைவி தெஹ்மினாவின் பெயரைச் சூட்டினார்கள் என்பது, சாஸ்திரப் பெயர்களின் வறட்டு அடுக்குக்கு நடுவே கண்ணில் படும் ஓர் அன்பான செய்தி.

ஆதியில் இந்தக் கூடுகளைத் தேடியவர்கள் முட்டை சேகரித்தவர்கள். ஜெர்டன் தம் பறவை நூலை 1862க்கும் 1864க்கும் இடையே வெளியிட்டார். ஹியூம் 1873இல் தொடங்கி இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய குறிப்புகளைத் தொகுத்தார். ஸ்டூவர்ட் பேக்கர் 1930களில் அந்த வரிசையை இன்னும் விரிவாக்கினார். பொந்தின் உள்ளே கை செல்லாவிட்டால் கோடாலியையோ உளியையோ எடுத்துக்கொள்வது அந்நாளைய வழக்கம். எந்த மாதத்தில் கூடு, தரையிலிருந்து எத்தனை அடி, முட்டை எத்தனை என்ற மூன்று கேள்விகளுக்கு அவர்கள் தந்த விடைகள் இன்றைக்கும் பயன்படுகின்றன. பொன்முதுகு மரங்கொத்தி பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையே கூடு வைக்கும் என்பதும், பளபளக்கும் வெள்ளை முட்டைகள் வழக்கமாக மூன்று என்பதும், பொந்துக்குள் புல்லோ பஞ்சோ எதுவும் பரப்பப்படுவதில்லை என்பதும் அப்படிக் கிடைத்த அறிவே. ஆனால் கூட்டைப் பிளந்த மறுகணம் அங்கே கூடு இல்லை. ஆகவே முட்டைக்குப் பிறகு நடக்கும் கதை முழுவதும் அவர்களுடைய புத்தகங்களில் இல்லாமற் போயிற்று.

அதே காலத்தில் இங்கிலாந்தில் இருந்த இயற்கையியலாளர் வாலஸ், கோடாலி இல்லாமலே ஒரு நல்ல யோசனை செய்தார். திறந்த கூட்டில் அடைகாக்கும் பறவைகளில் பெண் மங்கலாகவும், பொந்திலோ மூடிய கூட்டிலோ அடைகாக்கும் பறவைகளில் பெண்ணும் ஆணைப்போலப் பளிச்சென்ற நிறத்தோடும் இருப்பதை 1868இல் அவர் எடுத்துக்காட்டி, மறைவான கூடே பெண்ணுக்கு அந்தச் சுதந்திரத்தைத் தந்தது என்று வாதித்தார். விதிவிலக்குகள் பல உண்டென்றாலும், பொன்னும் கருப்பும் சிவப்புமாக மின்னும் நம் மரங்கொத்திப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாதம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பொந்தின் உள்ளே விளக்கேற்றிக் காட்டிய பெருமை ஜெர்மானியரான ஹைன்ஸ் ஸீல்மனைச் சேரும். அவர் மரத்தின் பின்புறத்தைக் கூட்டின் அளவுக்கு அறுத்தெடுத்து, அங்கே கண்ணாடி பொருத்தி, பறவை அதற்குப் பழகும்வரையில் பொறுமையோடு காத்திருந்து, உள்ளே நிகழும் அடைகாப்பையும் குஞ்சு வளர்ப்பையும் படம் பிடித்தார். 1955இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அந்தப் படம் காட்டப்பட்டபோது இங்கிலாந்து மக்கள் அவருக்கு மரங்கொத்தி என்றே பட்டப்பெயர் இட்டுவிட்டார்கள். கண்ணும் திறவாமல், ஓர் இறகும் இல்லாமல், கணுக்கால் மூட்டில் தடித்த தோல் மெத்தையோடு பிறக்கும் குஞ்சுகள், சொரசொரப்பான தரையில் அந்த மெத்தையை ஊன்றி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடப்பதை லட்சக்கணக்கானவர்கள் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். முட்டைக்காரர்கள் பிளந்த அதே மரத்தைத்தான் இவரும் அறுத்தார். ஆனால் அறுத்தபின் கூடு பிழைத்திருந்தது. இரண்டு தலைமுறைகளின் வித்தியாசம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

இருந்தாலும் என் மதிப்பில் இந்த வரலாற்றின் மிகச் சிறந்த அத்தியாயம் கண்ணாடிக்குப் பின்னால் எழுதப்பட்டதன்று; அமெரிக்காவில், லூசியானாச் சதுப்பு நிலத்தில், கால் நனைய நடந்து எழுதப்பட்டது. தையல் இயந்திரத்துக்குப் பெயர்போன சிங்கர் கம்பெனிக்குச் சொந்தமாய் அங்கே ஒரு பெருங்காடு இருந்தது. 1935இல் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்தர் ஆலனும் அவருடைய தோழர்களும், ஒலிப்பதிவுக் கருவிகளைக் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தச் சேற்றுக்குள் சென்று, தந்த அலகு மரங்கொத்தியின் கூட்டருகே முகாமிட்டு, அதன் குரலையும் உருவத்தையும் பதிவு செய்தார்கள். அந்தக் குழுவில் இளைஞராக இருந்த ஜேம்ஸ் டானர், 1937 முதல் 1939 வரை தனியே திரும்பிச் சென்று, அழியும் நிலையிலிருந்த அந்தப் பறவைகளைத் தொடர்ந்து கவனித்தார். கூட்டுக்கு வருவதையும் போவதையும் எண்ணுவதோடு அவர் நின்றுவிடவில்லை. காட்டிலுள்ள மரங்களை இனவாரியாக அளந்தார், எந்த மரம் எப்போது பட்டது என்று பார்த்தார், பட்டையை உரித்து அடியில் எந்தப் புழு இருக்கிறது என்று தேடினார். பட்டுச் சில ஆண்டுகளே ஆன பெருமரங்களில், பட்டைக்கு அடியில் மொய்க்கும் பெரிய வண்டுப் புழுக்களை நம்பியே இந்தப் பறவை குடும்பம் நடத்துகிறது என்றும், ஆகையால் ஒரு ஜோடிக்குப் பல சதுர மைல் முதிர்ந்த காடு வேண்டும் என்றும் 1942இல் வெளியான அவருடைய நூல் சொல்லிற்று. அதற்குள் காட்டை வெட்டும் உரிமை கைமாறியிருந்தது. மரங்கள் விழுந்தன. எல்லோரும் சந்தேகமின்றி ஒப்புக்கொள்ளும் கடைசிக் காட்சி 1944இல் அங்கே கிடைத்ததுதான்.

மரத்துக்குத் திரும்புவோம். மரங்கொத்தி எந்த மரத்தையும் குடைந்துவிடும் என்று நாம் நினைப்பது அதன் அலகுக்கு நாம் செய்யும் அளவுக்கு மீறிய மரியாதை. அதன் மண்டையில் அதிர்ச்சி தாங்கும் மெத்தை இருக்கிறதென்று பாடப் புத்தகங்கள் வரை பரவியிருந்த நம்பிக்கையைக்கூட, 2022இல் பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் வேகப் படங்களைக்கொண்டு மறுத்தார்கள். தலை முழுவதும் விறைப்பான சுத்தியலாகவே வேலை செய்கிறது, அந்தச் சிறிய மூளைக்கு அந்த அடி ஓர் அபாயமே அன்று என்பது அவர்கள் முடிவு. எவ்வளவு நல்ல சுத்தியலானாலும் வைரம் பாய்ந்த மரத்தில் ஓரடி ஆழம் குடைவது வீண் பிரயத்தனம். ஆகவே பெரும்பாலான இனங்கள் உள்ளே பூஞ்சை ஏறி மெத்தென்று ஆன மரத்தையே நாடுகின்றன. அமெரிக்காவின் தென்கிழக்கே பைன் காடுகளில் வாழும் ஒரு சிறு மரங்கொத்தி மட்டும் உயிருள்ள மரத்தையே பிடிவாதமாகக் குடைகிறது. ஒரு பொந்தை முடிக்க அதற்குப் பல ஆண்டுகள்கூட ஆகும். அந்தப் பைன் மரங்களிலும் நடுப்பாகம் அழுகியிருப்பதையே அது விரும்புகிறது. போதாததற்கு, மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைகளைத் தன் உடம்பிலேயே சுமந்து சென்று தான் குடையும் குழியில் விதைத்துவிடுகிறது என்று 2016இல் பரிசோதனையால் காட்டினார்கள். 1989இல் ஹ்யூகோ புயல் தென் கரோலினாவில் அந்தப் பறவைகளின் மரங்களைப் பெருவாரியாக முறித்துப் போட்டபோது, மனிதர்கள் ஏணி வைத்து ஏறி, நின்ற மரங்களில் செயற்கைப் பொந்துப் பெட்டிகளைப் பதித்து மிஞ்சியவற்றைக் காப்பாற்றினார்கள்.

இந்த இடத்தில் நம் இலக்கணத்தைச் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும். தொல்காப்பியத்து மரபியல், உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. தென்னையும் பனையும் அந்தக் கணக்கில் புல். இலக்கண வகுப்பில் இதைக் கேட்டுச் சிரித்த ஞாபகம் எனக்கு உண்டு. ஆனால் மரங்கொத்தியைக் கேட்டால் இந்தப் பாகுபாட்டை அது மறுவார்த்தையின்றி ஒப்புக்கொள்ளும். வேம்பிலும் புளியிலும் வெளிச்சதை இளகியது, நடுப்பாகம் இரும்பு. பூஞ்சை உள்ளே புகுந்து உதவினால் ஒழிய அங்கே வீடு இல்லை. தென்னையில் வெளிக்கூடு ஒன்றே கடினம். அதைத் துளைத்துவிட்டால் உட்புறம் நாரும் மென்மையுமாய் வழி விட்டுவிடும். ஊர்ப்புறத்துப் பொன்முதுகு மரங்கொத்தி தென்னந்தோப்பில் இத்தனை செல்வாக்கோடு வாழ்வதற்கு இந்தப் புறவைரமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

அதை நேரில் பார்க்க எனக்கு ஒரு புயல் உதவிற்று. 2018 நவம்பரில் கஜாப் புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எனக்கு மாமா முறையாகும் ஒருவருடைய தோப்பில் பெரும்பாலான மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஏழெட்டு மரங்கள் மட்டும் தலை முறிந்து மொட்டையாய் நின்றன. சாய்ந்தவற்றை அப்புறப்படுத்திப் புதுக் கன்று வைத்தார்கள். மொட்டைகள் நின்றன. 2021 பிப்ரவரியில் அங்கே போயிருந்தபோது, வாய்க்காலோரத்து மொட்டை ஒன்றில், முறிவுக்கு நாலடி கீழே, ஓர் ஆண் மரங்கொத்தி கொத்திக்கொண்டிருந்தது. உச்சி முழுவதும் சிவந்திருந்தால் ஆண். முன்னுச்சி கருப்பில் வெண்புள்ளி தெளித்து, பின்கொண்டை மாத்திரம் சிவந்திருந்தால் பெண். இரை தேடும்போது ஒன்றிரண்டு தட்டலோடு அது இடம் மாறிவிடும். இதுவோ நிதானமாக, ஒரே இடத்தில், இடைவெளிவிட்டு விழும் அடி. தச்சுப் பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்த வித்தியாசத்தை ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நான் தினமும் காலையில் மரத்தடியில் விழுந்த சிலாம்புகளைப் பொறுக்கிக் காகிதப் பொட்டலங்களில் தேதியிட்டு வைத்தேன். முதல் ஒன்பது நாட்களும் கிடைத்தவை கருத்த, கூரான, நகக்கண் அளவுத் துணுக்குகள். பத்தாம் நாள் பொட்டலம் திடீரென்று பெருத்தது. வெளிர்ந்த மஞ்சளில், கையால் கசக்கினால் நூல் நூலாகப் பிரியும் ஈரத்தூள். மேலே முறிந்த வாயிலிருந்து மூன்று மழைக்காலத்துத் தண்ணீர் இறங்கி ஊறிய உட்பாகம் அது. அதற்குமேல் ஐந்தே நாட்களில் பறவை உடம்பு முழுவதையும் உள்ளே மறைத்துக்கொண்டு, அவ்வப்போது தலையை மட்டும் நீட்டி, வாய் நிறையத் தூளை அள்ளி உதறியது. ஆணும் பெண்ணும் முறைவைத்து வேலை செய்தாலும் ஆணின் பங்கே அதிகமாக இருந்தது. மரங்கொத்திகளில் பொதுவாகவே அப்படித்தான் என்று பிறகு படித்தேன்.

ஒருநாள் மாமா வந்து, நான் வரப்பில் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, அந்த மொட்டையைப் போயி ஒரு மாசமாப் பாத்துக்கிட்டிருக்கே? அறுக்குற கூலிக்குத் தேறாதுன்னுதான் விட்டு வச்சிருக்கேன்" என்றார். கூன்வண்டும் காண்டாமிருக வண்டும் பட்ட மரத்தில் பெருகிப் பச்சை மரத்துக்குத் தாவும் என்ற விவசாயிகளின் பயம் நியாயமானது. ஆகவே நல்ல தோப்புக்காரர் யாரும் மொட்டையை வைத்திருக்கமாட்டார். மாமா நல்ல தோப்புக்காரர்தான். கூலி கட்டுபடியாகாததால் மரங்கொத்திக்கு வீடு கிடைத்தது.

மார்ச் 8ஆம் தேதியிலிருந்து பகலில் எப்போதும் ஏதோ ஒன்று உள்ளே இருந்தது. ஒன்று வந்து அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லக் கூவினால்தான் மற்றது வெளியேறும். இருட்டும் நேரத்தில் உள்ளே போவது எப்போதும் ஆண். இரவு அடைகாப்பு ஆணுடைய கடமை என்பது ஏறக்குறைய இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொருந்தும் விதி. 20ஆம் தேதி வருகைகள் திடீரென்று நெருங்கின. அலகில் மட்டும் எதுவும் தெரியவில்லை. சில மரங்கொத்திகள் புழுவை அலகில் கவ்விக்கொண்டே வரும். எறும்புகளையும் அவற்றின் முட்டைகளையும் நம்பி வாழும் பெரிய இனங்களோ இரையை விழுங்கி வந்து குஞ்சின் வாயில் கக்கும். பன்னிரண்டே நாளில் முட்டை பொரிந்துவிட்டதை நான் தவறாகக் கணக்கிட்டேனோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் பதினோரு நாளைக்குச் சற்று முன்பின்னாகப் பொரிப்பது மரங்கொத்திகளின் ஸ்வபாவம். பறவைகளிலேயே மிகக் குறுகிய அடைகாப்புகளில் இது ஒன்று. மூடிய பொந்தில் காற்று கெட்டுப்போவதால், ஓட்டுக்குள் இருந்து மூச்சுத் திணறுவதைவிடக் குறைப்பிரசவமாகவே வெளியே வந்துவிடுவது நல்லது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது அழகாகத் தோன்றுகிறது. அழகாக இருப்பதனாலேயே சற்றுத் தயங்கி ஏற்கவேண்டும் என்றும் தோன்றுகிறது.

அந்த நாட்களில்தான் நான் ஒரு தவறு செய்தேன். உள்ளே பறவை இருக்கிறதா என்று அறிய, பழைய முட்டைக்காரர்களைப்போலவே, ஒரு மட்டையால் மரத்தை இரண்டு தட்டுத் தட்டினேன். பெண் வெளியே பறந்தது; நாற்பது நிமிஷம் திரும்பவில்லை. அதற்குள் இரண்டு வால்காக்கைகள் வந்து, ஒன்று பொந்து வாயிலில் தொற்றிக் கழுத்தை உள்ளே நுழைத்துப் பார்த்தது. வாயில் குறுகலாகவும் அறை ஆழமாகவும் இருந்ததால் குஞ்சுகள் தப்பின. இப்போதெல்லாம் மூங்கில் நுனியில் விரல் பருமனுள்ள காமிராவைக் கட்டி, பெற்றோர் இரை தேடிச் சென்ற வேளையில் அரை நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். நான் அன்றைக்குப் பிறகு மட்டையைக் கையில் எடுக்கவில்லை. வாய்க்காலுக்கு அப்பால் முப்பது அடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன். ஏப்ரல் 11ஆம் தேதி காலையில் இரண்டு குஞ்சுகள் வெளியேறியதைப் பார்த்தேன்.

மரத்தை விட்டுவிட்டு எறும்புகளிடம் குடியிருக்கும் ஒரு மரங்கொத்தியும் நம் காடுகளில் உண்டு. செம்பழுப்பு நிறமுள்ள அந்தப் பறவை, வயிற்றுநுனியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடும் ஒருவகை எறும்புகள் மரக்கிளைகளில் காகிதக்கூழ்போல் கட்டும் உருண்டைக் கூட்டையே குடைந்து முட்டையிடுகிறது. கொட்டும் எறும்புகள் நடுவே பறவைக் கூடு என்பதை முதலில் கேட்டவர்கள் நம்ப மறுத்ததில் வியப்பில்லை. பிடிபட்ட பறவைகளின் தலையிலும் வாலிலும் எறும்புப் பிசின் படிந்து, கடித்த எறும்புகளின் தலைகள் இறகுகளில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பறவை குடியேறிய பின்னும் எறும்புகள் வீட்டைக் காலி செய்யாததைச் சிலர் கண்டிருக்கிறார்கள். தம்மையே தின்னும் விருந்தாளியை அவை எப்படிச் சகித்துக்கொள்கின்றன என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்துக்கு வாரிசுகள் யார் என்ற கேள்வியைக் கனடாவின் காத்தி மார்ட்டினும் ஜான் ஈடியும் 1999இல் ஒரு வலைப்பின்னலாக வரைந்து காட்டினார்கள்: பூஞ்சை மரத்தை இளக்க, மரங்கொத்தி குடைய, அது போன பிறகு ஆந்தையும் வாத்தும் அணிலும் குடியேறும் சங்கிலி அது. அதைப் படித்தவர்கள் மரங்கொத்தி இல்லாவிட்டால் பொந்துப் பறவைகளே இல்லை என்று உலகம் முழுவதற்கும் பேசத் தொடங்கினார்கள். அது அவசர முடிவு. 2011இல் பல கண்டங்களின் குறிப்புகளை ஒப்பிட்டவர்கள், வட அமெரிக்காவில் இரவல் பொந்துகளில் 77 விழுக்காடு பறவைகள் குடைந்தவை என்றும், மற்ற இடங்களில் அது 26 விழுக்காடே என்றும் கண்டார்கள். மற்றவை கிளை முறிந்த இடத்தில் தானாக அழுகி உண்டானவை. முது ஆலும் இலுப்பையும் உள்ள ஊரில் கிளிக்கும் புள்ளி ஆந்தைக்கும் மரங்கொத்தியின் தயவு அவ்வளவு வேண்டியதில்லை. தென்னை மட்டுமே உள்ள தோப்பிலோ கதை வேறு. தென்னைக்குக் கிளை ஏது, முறிவதற்கு? தானே பொந்து குடையும் குக்குறுவான்கூட அங்கே வருவது அபூர்வம்; பொந்தென்றால் அது மரங்கொத்தி போட்டதுதான்.

அந்த மொட்டையில் அடுத்த ஆண்டு அதே ஜோடியோ வேறு ஜோடியோ, ஒன்றரை அடி கீழே இன்னொரு பொந்து போட்டது. பழைய பொந்தை மைனா எடுத்துக்கொண்டு, வைக்கோலும் கந்தையும் பாம்புச் சட்டையுமாக அடைத்து வைத்தது. இரண்டு பொந்துக்கு இடையே சுவர் மெலிந்துபோயிருக்க வேண்டும். அந்த வருஷத்து ஐப்பசிக் காற்றில் மரம் சரியாக அந்த இடத்தில் முறிந்தது. மாமா ஆள் அனுப்பிச் சொன்னார். போய் நாடாவை வைத்து அளந்தேன். வாயிலிலிருந்து அடிவரையில் பதின்மூன்று அங்குலம். வெளிச்சுவரின் கனம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றே குறைவு. மைனாவின் குப்பையை வாரி எடுத்த பிறகு, அடியில் ஒரு விரற்கடைக்கு உலர்ந்த தென்னந்தூள், அதில் சிக்கிய எறும்புத் தலைகள், வண்டு ஒன்றின் பச்சை ஓடு, இறகு முளைக்கும்போது உதிரும் வெள்ளை உறைத்தூள். ஒன்றரை மாதம் நான் வெளியே உட்கார்ந்து பார்த்த இருட்டு அவ்வளவுதான். அந்தத் துண்டை மாமா மாட்டுக் கொட்டகை மூலையில் சார்த்தி வைத்திருக்கிறார். இப்போது அதில் ஓர் அணில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.